கண்ணும் காகிதமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்வாண்டு நம் சங்கம் கண்தானத்திற்கென ஒரு விழிப்புணர்ச்சி இயக்கத்தை மேற்கொள்ளவிருக்கிறது. அதற்கு வேண்டிய சுவரொட்டிகளையும், மக்கள் இல்லங்களில் தங்கவேண்டிய சிறு பொருள்களையும் எவ்வாறு அமைப்பது என்பது பற்றிச் சில சொல்லுமாறு செயற்குழுவினர் என்னைப் பணித்தார்கள். விளம்பர ஓவியமும் அச்சுமே என் தொழில். தேயிலைக்கும் சோப்புக்கும் படம் எழுதிப் பழகிய கை இது. அந்தப் பழக்கம் இக்காரியத்தில் எவ்வளவு தூரம் உதவும், எங்கே உதவாது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

தேயிலைச் சுவரொட்டியைக் காண்பவரும் தேயிலையை வாங்குபவரும் ஒருவரே. இன்று கண்டு அடுத்த வாரம் வாங்கினாலும் வணிகருக்கு இழப்பில்லை. கண்தானமோ இவ்விரு வகையிலும் வேறுபட்டது. சுவரொட்டியைப் படித்து உள்ளம் நெகிழ்கின்றவர் ஒருவர். உரிய வேளையில் தொலைபேசியை எடுக்கவேண்டியவர் வேறொருவர். அவர் மனைவியாக இருக்கலாம், மகனாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், அடுத்த வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அந்த வேளையும் ஒரு வாரம் காத்திருக்கும் வேளையன்று. உயிர் பிரிந்த 6 மணி நேரத்திற்குள் கண்கள் எடுக்கப்பட்டாக வேண்டும். நள்ளிரவு 1 மணிக்கு ஒருவர் மறைந்தால், ஊரிலிருந்து உறவினர் விமானம் ஏறுவதற்கு முன்பே அக்கெடு முடிந்துபோகிறது.

இக்கெடு ஏன் என்பதை நாம் அறிந்துகொண்டால்தான் நம் சுவரொட்டி எதைச் சொல்லவேண்டும் என்பது விளங்கும். கண்ணின் முன்புறத்தில், கடிகாரத்தின் மேல் கண்ணாடி பதித்தாற்போல, தெளிந்த படலம் ஒன்று இருக்கிறது. பேச்சு வழக்கில் அதைக் கருவிழி என்கிறோம். மருத்துவத் தமிழில் விழிவெண்படலம் என்பர். காயத்தாலோ, கிருமியாலோ, சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் பட்டதாலோ அப்படலம் மங்கிவிட்டால், உள்ளே விழி முழு நலத்தோடு இருந்தாலும் ஒளி புகாது. அப்படலத்தை நீக்கி, மறைந்த ஒருவரின் தெளிந்த படலத்தை வைத்துத் தைக்கும் சிகிச்சைதான் கண்தானத்தால் நடைபெறுவது. முழுக் கண்ணை யாரும் யாருக்கும் மாற்றிப் பொருத்துவதில்லை. அப்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலால் பெரும்பாலும் இரத்த வகை பார்க்கவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அதன் உட்புறத்தில் ஒற்றை வரிசையாக அமைந்த நுண்ணிய உயிரணுக்கள், படலத்தில் ஊறும் நீரை இடைவிடாது வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. உயிர் பிரிந்தபின் அவை அழியத் தொடங்குகின்றன. அழிந்தவை மீண்டும் வளர்வதில்லை. 6 மணி நேரம் என்பது அவற்றின் ஆயுட்கணக்கு.

1905-ஆம் ஆண்டு ஐரோப்பாவின் ஓலமோட்ஸ் நகரில் எட்வார்ட் சிர்ம் என்னும் மருத்துவர் இச்சிகிச்சையை முதன்முதல் வெற்றியாகச் செய்தார். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையா அவர்களால் நிறுவப்பட்டது. நாம் வாழும் இத்தலைநகரில் தேசியக் கண் வங்கி 1965 முதல் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் இயங்கி வருகிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 25 முதல் செப்டம்பர் 8 வரை கண்தான இருவாரம் நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. மருத்துவமும் வங்கியும் விழாவும் குறைவின்றி இருக்கின்றன. குறை வீட்டுக்கும் வங்கிக்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது நாம் அச்சிடப்போகும் காகிதம்.

இத்தகைய இயக்கத்திற்குச் சுவரொட்டி எழுதச் சொன்னால் ஓவியர் எவரும் முதலில் எடுப்பது பார்வையற்ற ஒரு குழந்தையின் முகத்தைத்தான். வெளுத்த விழி, நீட்டிய கை, கீழே ‘எனக்கு ஒளி தாருங்கள்’ என்று ஒரு வரி. இரக்கப்படம் பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கும் ஒரு காலமும் இடமும் உண்டு. 1919-இல் எக்லன்டைன் ஜெப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, போருக்குப் பின்னும் நீடித்த முற்றுகையால் பட்டினி கிடந்த ஆஸ்திரியக் குழந்தைகளின் படத்தை அச்சிட்டு, இலண்டன் டிராபல்கர் சதுக்கத்தில் வழங்கினார். அதற்காகக் கைதாகி 5 பவுன் அபராதமும் பெற்றார். அவர்மீது வழக்குத் தொடுத்த வழக்கறிஞரே அத்தொகையை அவரிடம் கொடுத்தார் என்பது வரலாறு. அவ்வாண்டிலேயே குழந்தைகளைக் காக்கும் உலகளாவிய நிதியம் ஒன்று அவராலும் அவர் தங்கை டோரதி பக்ஸ்டனாலும் உருவாயிற்று. அங்கே படம் வென்றதற்குக் காரணம் உண்டு. அக்குழந்தைகள் பட்டினி கிடப்பது அவ்வூர் மக்களுக்குத் தெரியாது. தெரிவிப்பதே பாதி வேலை. மறு பாதி, அங்கேயே பையைத் திறந்து பணம் கொடுப்பது.

பார்வையற்றவர் படும் துன்பம் நம் குடியிருப்பில் எவருக்குத் தெரியாது? இரக்கம் நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. கண்தானத்திற்குக் கையொப்பமிடச் சொன்னால் இம்மண்டபத்தில் பாதிப்பேர் இன்றே இடுவார்கள். இல்லாதது இரக்கமன்று, அந்த இரவில் என்ன செய்யவேண்டும் என்ற அறிவு. மேலும், பார்வையற்ற ஒருவரை எப்போதும் கையேந்துபவராகவே வரைவது அவர்க்கு நாம் செய்யும் மரியாதையும் ஆகாது. நம் குடியிருப்பில் ஒருவர் வங்கியில் பணிபுரிகிறார். மற்றொருவர் நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக் கற்பிக்கிறார். அவர்கள் நம் சுவரொட்டியைக் காண இயலாவிடினும், அதில் என்ன வரைந்திருக்கிறது என்று பிறர் சொல்லக் கேட்பார்கள் அல்லவா?

இரண்டாவதாக நம்மவர் நினைவுக்கு வருபவர் கண்ணப்ப நாயனார். காளத்திநாதருக்குத் தம் கண்ணை அப்பிய திருத்தொண்டரை விட்டு, கண்தானத்துக்கு வேறு யாரை வரைவது என்று செயற்குழுவில் அன்பர் ஒருவர் கேட்டார். பக்தியில் நானும் உடன்படுகிறேன். ஓவியத்தில் உடன்பட இயலவில்லை. கண்ணப்பரை வரைந்தால் அம்பை வரையாமல் இருக்க முடியாது. கண்தானத்தைத் தடுக்கும் அச்சங்களுள் முதன்மையானதோ ‘அப்பாவின் முகம் சிதைந்துவிடுமே’ என்பது. உண்மையில் கண் வங்கியிலிருந்து பயிற்சி பெற்றவர் வீட்டுக்கே வருகிறார். ஏறத்தாழ அரை மணிக்குள் வேலை முடிகிறது. இமைகளை மூடிவிட்டால் முகத்தில் வேறுபாடு தெரிவதில்லை. எவ்விதக் கட்டணமும் கிடையாது. இவ்வளவையும் எழுத்தில் சொல்லிவிட்டு, மேலே கூரிய அம்பு ஒன்றை வரைந்துவைத்தால், எழுத்தைப் படிக்காதவர் மனத்தில் அம்புதான் தங்கும்.

அப்படியானால் எதை வரைவது? என் கருத்தைச் சொல்கிறேன். ஒரு சாதாரண அறை. ஒரு கட்டில். தலைப்பக்கத்தில் இரண்டு தலையணைகள். மேலே நின்றுவிட்ட மின்விசிறி. சுவர் ஓரத்தில் தொலைபேசியைக் காதில் வைத்தபடி நிற்கும் ஒரு பெண். அவள் மகளோ மருமகளோ, யாராகவும் இருக்கலாம். கட்டிலில் கிடப்பவரை வரைய வேண்டியதில்லை, தலையணையே போதும். படத்தில் உள்ளவை ஒவ்வொன்றும் செய்யவேண்டிய ஒரு செயலைக் குறிக்கும். மின்விசிறியை நிறுத்துக, காற்றில் விழிப்படலம் உலர்ந்துவிடும். துக்கம் விசாரிக்க வருவோருக்குப் புழுங்குமே என்று விசிறியைச் சுழலவிடுவது நம் வழக்கம். நல்ல எண்ணந்தான், ஆனால் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒருவருடைய பார்வை குறைந்துகொண்டே போகிறது. குளிர்சாதனம் இருந்தால் அது ஓடலாம். இமைகளை மூடி, அவற்றின்மேல் நனைத்த பஞ்சை வைக்க. தலையைத் தலையணையால் சற்றே உயர்த்துக. கண்ணெடுக்கும் இடத்தில் குருதி கசியாதிருக்க இது உதவும். உடனே கண் வங்கிக்குத் தொலைபேசி செய்க. தலைமாட்டில் விளக்கேற்றுவதற்கோ நீராட்டுவதற்கோ இவை எதுவும் தடையாகா.

இன்னும் ஒரு வரி மட்டும் சேர்க்கலாம்: முதுமையும், மூக்குக்கண்ணாடியும், சர்க்கரை நோயும், இரத்த அழுத்தமும், கண்புரை அறுவையும் கண்தானத்திற்குத் தடையல்ல. சில நோய்களால் இறந்தவர்களின் கண்களைப் பயன்படுத்த இயலாது என்பது உண்மை. ஆனால் அந்தப் பட்டியலைச் சுவரொட்டியில் அடுக்கக்கூடாது என்பது என் துணிபு. அதைத் தீர்மானிப்பவர் கண் வங்கி மருத்துவர். பட்டியலைக் கண்டால் வீட்டார் தாமே மருத்துவராகி, தொலைபேசியைத் தொடாமலே முடிவுக்கு வந்துவிடுவர்.

எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச அனுமதிக்க வேண்டும். என் தொழிலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பத்தடி தொலைவிலிருந்து படிக்க ஓரங்குல உயர எழுத்து வேண்டும் என்பது பலகை எழுதுவோர் கைக்கணக்கு. தமிழுக்கு அதற்கும் சற்றுக் கூடுதலாகவே வைப்பேன். ஆங்கில எழுத்தில் இல்லாத சுழிகளும் கொம்புகளும் கால்களும் நமக்கு உண்டு. ‘கண்’ என்னும் சொல்லையே பாருங்கள். மூன்று சுழி ண வரவேண்டிய இடத்தில், எழுத்துச் சிறுத்து மை பரவினால் இரண்டு சுழிதான் தெரிகிறது. நம் இயக்கத்தின் முதற்சொல்லே அச்சில் குருடாகிவிடுகிறது! பகட்டான நெளிவெழுத்துகள் இங்கே வேண்டா. தடித்த, நேரான, சுழிகள் திறந்த எழுத்து போதும். மஞ்சள் மேல் கறுப்பு மிக எளிதில் கண்ணுக்குப் புலப்படும். பளபளப்பான தாள் விளக்கொளியில் மின்னி எழுத்தை மறைக்கும். மங்கலான தாளே நல்லது. நம் சுவரொட்டியைப் படிக்க வேண்டியவருள் பலர் எழுபது வயதைத் தாண்டியவர்கள் என்பதை வரைபவர் மறக்கலாகாது.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். 20 × 30 அங்குலத் தாளில், மேலே சங்கச் சின்னம், இடப்பக்கம் தலைவர் படம், வலப்பக்கம் செயலாளர் படம், கீழே நன்கொடை வழங்கியோர் பெயர்கள், அவர்தம் கடைகளின் முத்திரைகள் என்று நிரப்பியபின் எஞ்சும் இடத்தில் கண்தானம் ஒண்டிக்கொண்டு நிற்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். மேடையிலுள்ள பெரியோர் பொறுத்தருள்க. சங்கத்தின் பெயர் அடியில் ஒரு வரி இருந்தால் போதும்.

மொழி பற்றிச் செயற்குழுவில் நெடுநேரம் பேசினோம். நம் குடியிருப்பில் இந்தி பேசுவோரும் பஞ்சாபியரும் வங்காளியரும் மலையாளிகளும் உள்ளனர். ஆதலால் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றையும் ஒரே தாளில் அச்சிடலாம் என்றனர் சிலர். நான் மூன்று தனித்தாள்களையே வேண்டுகிறேன். ஒரே தாளில் மூன்று மொழி வந்தால் எழுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். அது மட்டுமன்று. இத்தலைநகரில் அலுவலகத்தை இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடத்துகின்ற நாம், துக்க வேளையில் என்ன மொழியில் பேசுகிறோம்? பிள்ளையோடு வந்து தங்கியிருக்கும் தஞ்சாவூர்ப் பாட்டியிடம் இசைவு கேட்கவேண்டிய கட்டம் வருகிறது. அவரிடம் போய் ஆங்கிலத் துண்டறிக்கையை நீட்ட முடியுமா? ‘கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாய்ப் பிறப்பாராமே’ என்று அவர் கேட்பது தமிழில். மறுமொழியும் அவர் மதிக்கும் தமிழில் இருக்கவேண்டும். தானத்திற்குப் பலன் குறைவாகும் என்று எந்த நூலும் கூறவில்லை என அவர் நம்பும் பெரியவர் ஒருவர் சொன்னால், அச்சொல் எங்கள் நான்கு வண்ண அச்சைவிட வலியது.

இதிலிருந்தே ஒட்டும் இடமும் புலப்படுகிறது. சுடுகாட்டு மண்டபத்தில் ஒட்டலாம் என்று ஒருவர் சொன்னார். அங்கே போய்ச் சேரும்போது 6 மணி நேரம் பெரும்பாலும் கடந்திருக்கும். மரணம் நேர்ந்த வீட்டிலிருந்து முதல் தொலைபேசி அழைப்பு யாருக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். குடும்ப மருத்துவருக்கு, ஈமச்சடங்கு நடத்தும் சாஸ்திரிகளுக்கோ, தேவாரம் ஓதுபவருக்கோ, தேவாலயத்துக் குருவுக்கோ, பிணவண்டியும் குளிர்ப்பெட்டியும் அனுப்புகிறவருக்கு. இவர்கள் ஒவ்வொருவர் மேசையிலும் நம் சிறிய அட்டை ஒன்று இருக்குமானால், ‘விசிறியை நிறுத்திவிட்டீர்களா? கண் வங்கிக்குச் சொல்லிவிட்டீர்களா?’ என்று அவர்கள் கேட்பார்கள். நூறு சுவர்களில் ஒட்டுவதைவிட இந்த ஐந்தாறு பேர்க்கு நேரில் சென்று கொடுப்பது மேல் என்பேன். சுவரொட்டி வரைபவன் இப்படிச் சொல்வது தன் வயிற்றில் தானே அடித்துக்கொள்வதுதான்!

இனி, சுவரொட்டியோடு வழங்கும் பொருள்களுக்கு வருகிறேன். எழுத்துப் பொறித்த பனியன், தொப்பி, சாவி வளையம், காப்பிக் குவளை என்று இளைஞர் அணி ஒரு பட்டியல் தந்திருக்கிறது. அவர்கள் ஆர்வத்தை நான் குறைவாக எண்ணவில்லை. அறத்திற்காகச் சிறு பொருள் விற்பது ஒன்றும் புதியதன்று. 1904-இல் டென்மார்க்கு நாட்டு அஞ்சல் எழுத்தர் ஐனார் ஹோல்போல், கிறிஸ்துமஸ் கடிதங்கள் குவிந்து கிடப்பதைக் கண்டு, ஒவ்வொரு கடிதத்திலும் அஞ்சல் தலையோடு இன்னொரு சிறு வில்லையும் ஒட்டினால் காசநோய்க் குழந்தைகளுக்கு மருத்துவமனை கட்டலாமே என்று எண்ணினார். முதல் ஆண்டிலேயே 40 இலட்சத்திற்கு மேல் விற்றன. 1907-இல் அமெரிக்காவில் எமிலி பிசெல் அம்மையார், சிறியதொரு காசநோய் நிலையத்தைக் காக்க 300 டாலர் வேண்டி அதே வழியைப் பின்பற்றினார். பத்து மடங்கு பணம் திரண்டது. நம் நாட்டிலும் காசநோய் வில்லைகள் 1950 முதல் விற்கப்பட்டன. பள்ளியில் காசு கொடுத்து வாங்கி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அவ்வில்லையின் பெருமை அதன் சிறுமையில் இருந்தது. விலை ஒரு காசு; அச்சுச் செலவு அதினும் சொற்பம்; கிடைத்தது ஏறக்குறைய அனைத்தும் நோயாளிக்கே சென்றது. மேலும், கடிதத்தில் ஒட்டியதால் அது ஊர்விட்டு ஊர் சென்று செய்தியையும் சுமந்தது.

வேறு வகை ஒன்று உண்டு. முதல் உலகப்போருக்குப் பின் இங்கிலாந்தில் செந்நிறப் பாப்பிப் பூக்களைக் காகிதத்தாலும் துணியாலும் செய்து விற்றனர். 1922-இல் மேஜர் ஜார்ஜ் ஹவ்சன் தொடங்கிய தொழிலகத்தில் அவற்றைச் செய்தவர்கள் போரில் உறுப்பிழந்த வீரர்களே. பூவின் அமைப்பையே அவர்கள் கைக்கு எளிதாகும்படி வகுத்தார்கள். வாங்கியவர் மார்பில் பூ. செய்தவர் வீட்டில் சோறு. இங்கே வடிவமைப்பு என்பது அழகு மட்டுமன்று, பிழைப்பும் ஆயிற்று. நாமும் துணிப்பையோ மெழுகுத்திரியோ விற்பதாயின், பார்வையற்றோர் செய்த பொருளாகவே வாங்கி விற்கலாம். அதற்கு என் முழு ஆதரவும் உண்டு.

இன்னொன்று எச்சரிக்கையாக நிற்பது. 1991-இல் நியூயார்க்குக் கலைஞர்கள் சிலர் எய்ட்ஸ் நோயாளரை நினைந்து செந்நாடா ஒன்றை வகுத்தனர். ஆறங்குல நாடாவை மடித்து ஊக்கினால் குத்திக்கொள்ளலாம். உரிமை எவர்க்கும் இல்லை, யாரும் செய்யலாம் என்றே விட்டனர். அதே காலத்தில் சார்லட் ஹேலி என்னும் அமெரிக்க மூதாட்டி, தம் குடும்பத்துப் பெண்களை மார்புப் புற்றுநோய் தாக்கக் கண்டு, பீச்சுப் பழ நிறத்தில் நாடாக்களைத் தம் வீட்டிலேயே செய்து வழங்கினார். ஒவ்வொரு நாடாவுடனும் ஓர் அட்டை வைத்தார். புற்றுநோய்க்கென ஒதுக்கும் அரசுப் பணத்தில் தடுப்புக்குச் செல்வது எவ்வளவு சிறு பங்கு என்று அவ்வட்டை எடுத்துக்காட்டியது. 1992-இல் ஒரு பத்திரிகையும் ஓர் ஒப்பனைப்பொருள் நிறுவனமும் அந்நாடாவைக் கேட்டபோது, வாணிகமாகிவிடும் என்று அவர் மறுத்தார். அவர்கள் நிறத்தை இளஞ்சிவப்பாக மாற்றிக்கொண்டனர். அந்த நாடா இன்று உலகெங்கும் தெரிகிறது. எத்தனையோ பேர் சோதனைக்குச் செல்ல அது தூண்டுகோலாகவும் இருந்திருக்கும். ஆனால் அந்த மூதாட்டியின் அட்டை எங்கே? நாடா பரவியது, நாடா சொல்லவந்த சொல் நின்றுவிட்டது. சாவி வளையத்திலும் குவளையிலும் கண்ணின் படத்தைப் பொறிக்கும்போது நான் அஞ்சுவது இதைத்தான். குவளையில் காப்பி இருக்கும். நள்ளிரவில் அதைத் தேடி எடுத்து யாரும் தொலைபேசி எண் பார்க்கமாட்டார்கள்.

அந்த இரவில் கண்ணெதிரே இருக்கக்கூடிய பொருள் எது? தமிழர் வீடு எந்த ஊரில் இருந்தாலும் அங்கே தவறாது இருப்பது ஒன்று உண்டு: நாள்தோறும் தாள் கிழிக்கும் நாட்காட்டி. இராகு காலமும் நல்ல நேரமும் பார்க்காமல் நம் தாய்மார்கள் வாசற்படி தாண்டுவதில்லை. ஊருக்குப் போய்த் திரும்புவோரின் பெட்டியில் அப்பளம், வடாம், நாட்காட்டி மூன்றும் இருக்கும். தீப்பெட்டிச் சிட்டையில் தொடங்கி வளர்ந்த சிவகாசி அச்சுத்தொழில் அதைப் பெருமளவில் அடித்துத் தருகிறது. புத்தாண்டு மாதிரிகளை அவர்கள் ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது வழக்கம். நாமும் அதையொட்டி முன்பணம் கட்டினால் விலை கட்டும்.

ஆனால் ஓர் இடர். முருகன் படத்துக்குக் கீழே ‘மரணம்’ என்னும் சொல்லை அச்சிட்டுக் கொடுத்தால் எந்த வீட்டில் மாட்டுவார்கள்? என் வீட்டிலும் மாட்டமாட்டார்கள். அதை மூடநம்பிக்கை என்று ஏளனம் செய்து பயனில்லை. வீட்டிற்குள் நுழைய வேண்டுமானால் வீட்டின் மனத்தை மதிக்கவேண்டும். ஆகவே நான் அமைத்திருப்பது இது. தாள்கட்டின் கீழே அட்டையில் ஒரு பட்டை. அதில் நெருக்கடி எண்கள். அவசர உதவிக்கு 112, நோயாளி வண்டிக்கு 108, தீயணைப்புக்கு 101, எரிவாயு கசிந்தால் 1906. அவற்றோடு ஐந்தாவதாகக் கண் வங்கி எண். அமங்கலச் சொல் ஒன்றும் இல்லை. ஆண்டு முழுவதும் கண் பழகிய இடத்தில் அந்த எண் இருக்கும். கண்தான இருவாரத்துத் தாள்கள் பதினைந்திலும் மட்டும், தேதிக்கு அடியில் ஒவ்வொரு செயலாக ஒவ்வொரு வரி வரும். இளைஞர்கள் விரும்பியபடி, கைபேசியில் காட்டினால் செய்முறை முழுவதும் விரியும் சதுரக் குறியீடும் பட்டையின் ஓரத்தில் உண்டு. பெரியவர்க்கு எண், சிறியவர்க்குக் குறியீடு.

எண்ணை அச்சிடுவதற்குமுன் ஒரு வேலை இருக்கிறது. நாடெங்கும் 1919 என்னும் எண்ணைக் கண்தானத்திற்கென அறிவித்திருக்கின்றனர். அதையும், நமக்கு அண்மையிலுள்ள கண் வங்கியின் எண்ணையும், ஒரு ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் நம் உறுப்பினர் இருவர் அழைத்துப் பார்க்கவேண்டும். யார் எடுக்கிறார், எத்தனை மணி ஒலித்தபின் எடுக்கிறார், நம் குடியிருப்புக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். எடுக்காத எண்ணை ஆயிரம் நாட்காட்டியில் அச்சிடுவதைவிட வெற்றுப்பட்டையே மேல்.

கடைசியாக உறுதிமொழி அட்டை. இன்று வழங்கும் அட்டை பணப்பையில் வைக்கும் அளவினது, அழகாகத்தான் இருக்கிறது. கையொப்பமிட்டவர் அதைப் பையில் வைக்கிறார். பை அலமாரிக்குள் போகிறது. நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து துணிமணிகளை ஒழுங்குபடுத்தும்போது, மறைந்த பெரியவரின் சட்டைப்பையில் அந்த அட்டையைக் கண்டெடுத்தார்கள். அவருடைய மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. ‘அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்…’ என்றுதான் பிறகு சொன்னார். அவர் உறுதிமொழி எழுதியது மெய். ஆனால் நடைமுறையில், உடனிருக்கும் உறவினரின் இசைவு இல்லாமல் கண் வங்கியார் கண்களை எடுப்பதில்லை. அவர்களுக்குத் தெரிவிப்பதற்கே ஆள் வேண்டுமல்லவா? ஆகையால் நம் அட்டையை இரண்டு துண்டாக அமைத்திருக்கிறேன். ஒரு துண்டு பைக்கு. மற்றொன்று, நடுவில் கிழித்து, வீட்டிலுள்ள ஒருவர் கையில் கொடுக்க. அதில் ‘அறிந்தேன்’ என்று அவர் கையொப்பமிட ஓர் இடம். அந்தக் கையொப்பம் இல்லாத அட்டையைச் சங்கம் பதிவு செய்யாது என்று விதி வகுக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவும் மகளும் ஒரு மாலை உட்கார்ந்து இதைப் பேச நேரும். சங்கடமான பேச்சுத்தான். ஆயினும் பேசிவிட்டால் அந்த இரவில் அவளுக்கு ஐயம் இராது.

செலவைச் சொல்லி முடிக்கிறேன். செயற்குழு ஒதுக்கிய தொகையில் பனியனும் தொப்பியும் செய்தால் இளைஞர் அணிக்கே போதாது. அதே தொகையில் குடியிருப்பிலுள்ள ஒவ்வொரு தமிழ் வீட்டுக்கும் ஒரு நாட்காட்டி, மூன்று மொழிச் சுவரொட்டிகள், இரட்டை அட்டைகள் எல்லாம் முடியும். ஊர்வலத்தில் அடையாளம் வேண்டும் என்று இளைஞர்கள் கருதினால், செந்நாடா வகுத்தவர்கள் செய்தது போல, மஞ்சள் துணியைக் கத்தரித்து ஊக்கினால் குத்திக்கொள்ளட்டும். கைச்செலவு சில ரூபாய்தான்.

வெளி மண்டபத்து மேசைமேல் சுவரொட்டியின் மூன்று மாதிரிகளும், நாட்காட்டிப் பட்டையும், அட்டையும் வைத்திருக்கிறேன். பக்கத்தில் சிவப்புப் பென்சில் உண்டு. உணவுக்குச் செல்லுமுன் ஒவ்வொருவரும் எட்டடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள்; ‘கண்’ணில் மூன்று சுழியும் தெரிகின்றனவா என்று பெரியவர்கள் தங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பாருங்கள். புரியாத சொல்லைச் சுழித்துவிடுங்கள். நள்ளிரவில் தொலைபேசி செய்து பார்க்க முன்வருவோர் இருவர் தம் பெயரைச் செயலாளரிடம் கொடுக்கலாம். தாள்கள் அடுத்த வெள்ளிக்கிழமை அச்சகத்திற்குச் செல்கின்றன.